பூச்சிக் குளிசை குடித்தும் பூச்சி ஏன் வருகிறது?
(தற்காலிகக் குடியிருப்பில் தாய்மாருக்கு ஆற்றிய உரை)



போன கிழமை ஓர் உம்மா என்னை மறித்துக் கேட்டார்: "பூச்சிக் குளிசை கொடுத்தம்தானே மகள், மூணு மாதத்தில திரும்பவும் பூச்சி விழுகுது. மருந்து சரியில்லையா?" நியாயமான கேள்வி. நான் வைத்தியரல்ல, கேட்டறிந்ததைச் சொல்கிறேன்.

பிள்ளையின் குடலில் வட்டப்புழு, கொளுக்கிப்புழு, சாட்டைப்புழு மூன்றும் ஒன்றாகவே இருக்கலாம். அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் குளிசை ஒன்று வட்டப்புழுவை அநேகமாகத் தீர்த்துவிடும். சாட்டைப்புழு தலைப்பக்கத்தைக் குடற்சுவருக்குள் செருகிக்கொண்டு கிடக்கும். பலருக்கு ஒரே குளிசையில் அது போவதில்லை.

புழுக்கள் நெருக்கமாக இருந்தால் அவற்றுக்குள்ளும் போட்டிதான். அப்போது ஒவ்வொரு பெண்புழுவும் குறைவாகவே முட்டையிடும். பெரும்பாலானவை செத்ததும், மிஞ்சியவை ஒவ்வொன்றும் கூடுதலாக இடும். பத்துக் குடும்பம் நெருங்கியிருந்த கொட்டிலில் இரண்டு மட்டும் மிஞ்சினால் எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு பெண் வட்டப்புழு நாளொன்றுக்கு 2 இலட்சம் முட்டை வரை இடும். அது ஈரமண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அந்த உம்மாவின் பிள்ளைகளுக்குத் திரும்பவும் வந்தது பெரும்பாலும் மண்ணிலிருந்துதான்.

மிஞ்சியவை மருந்தைத் தாங்கும் புழுக்களாக இருந்தால், அடுத்து வருபவை அவற்றின் குஞ்சுகள். ஆடு வளர்ப்பவர்கள் கவனியுங்கள்: 1961இல் தயபெண்டசோல் என்ற பூச்சி மருந்து வந்தது, 1964இலேயே அதற்கு அடங்காத புழுக்கள் அமெரிக்கச் செம்மறிகளில் காணப்பட்டன. அல்பெண்டசோல் அதே குடும்பத்து மருந்து. அளவு குறைத்துக் கொடுத்தால் இந்த ஆபத்துக் கூடும்.

ஆகவே, ஒரு குளிசையை இரண்டு பிள்ளைகளுக்குப் பாதி பாதியாகப் பிரிக்காதீர்கள். போதாவிட்டால் எங்களிடம் கேளுங்கள். ஒரு வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைக்கு மட்டும் அரைக் குளிசை. அதை நசுக்கித் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் இருப்பவர்கள் குடிக்க வேண்டாம். மருத்துவ மாதுவிடம் சொல்லுங்கள்.

கொளுக்கிப்புழு வெறுங்கால் வழியாக ஏறும். செருப்புப் போடுங்கள் என்று சொல்வது எனக்கு லேசு. ஆனால் பின்பக்கத்து மலசலகூடக் குழிகள் இரண்டும் நிறைந்திருக்க, பிள்ளைகள் கடற்கரை மணலுக்குத்தான் போகிறார்கள். அது எங்கள் பக்கத்துப் பிழை. அடுத்த குளிசை கொடுக்கும் நாளுக்கு முன்பே கலி பவுசரை எடுப்பிக்கும்படி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீங்களும் பீ.எச்.ஐ. சேரிடம் சொல்லுங்கள், இரண்டு பக்கமும் கேட்டால் கெதியாக நடக்கும்.