44-க்கும் 92-க்கும் நடுவே



இந்தியாவில் எச்.ஐ.வி. நுழைந்துவிட்டதை முதலில் கண்டறிந்த ஊர் நம் சென்னை. 1986-இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் அதை வெளிக்கொண்டு வந்தார்கள். மூடி மறைத்தால் நோய் போகாது என்று அன்றே கற்ற ஊர் இது. அந்தத் துணிவில்தான், தன்பாலீர்ப்பு ஆண்களின் உடல்நலத்தைப் பற்றி இங்கே வாய்திறக்கிறேன்.

எச்.ஐ.வி. வருமுன் காக்க இன்று மாத்திரை இருக்கிறது. 'ப்ரெப்' என்கிறார்கள். கிருமி உள்ளே வந்தாலும் பெருகி வேரூன்ற விடாது. 2010-இல் வெளிவந்த ஐப்ரெக்ஸ் ஆய்வில் ஆறு நாடுகளைச் சேர்ந்த 2,499 பேர் பங்கேற்றார்கள். ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களும் திருநங்கைகளும் அவர்கள். மாத்திரை தரப்பட்டவர்களிடம் தொற்று 44 விழுக்காடு குறைந்தது. இவ்வளவுதானா? இரத்தத்தில் மருந்து இருந்தவர்களை மட்டும் பார்த்தார்கள். ஆபத்து 92 விழுக்காடு குறைந்திருந்தது!

44-க்கும் 92-க்கும் நடுவே இருப்பவை, கையில் மாத்திரை இருந்தும் விழுங்காமல் போன நாட்கள். மறதி ஒரு காரணம். பக்கவிளைவு பற்றிய பயம் ஒரு காரணம். வீட்டில் யாராவது டப்பாவைப் பார்த்துவிட்டால் என்ன சொல்வது என்ற அச்சம் இன்னொரு காரணம். அந்த அச்சத்தைப் போக்க எந்த ஆய்வகத்திலும் மருந்து இல்லை. அது நம் கையில் இருக்கிறது.

தம்பிகளே, இந்த மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். முதலில் எச்.ஐ.வி. பரிசோதனையும் சிறுநீரகப் பரிசோதனையும் செய்யுங்கள். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி. பரிசோதனை. மேகப்புண்ணையும் வெட்டை நோயையும் இந்த மாத்திரை தடுக்காது. ஆணுறையைக் கைவிடாதீர்கள்.

மருத்துவர்களே, எச்.ஐ.வி.யைத் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் ஊசிக்கு 2025-இல் அமெரிக்கா அனுமதி தந்துவிட்டது. எத்தனை ஊசி வந்தாலும், உங்கள் முன் உட்கார்ந்து உண்மையைச் சொல்ல அந்தத் தம்பிக்குத் தைரியம் வேண்டும். அவன் வாழ்க்கை குற்றமல்ல என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. முகம் சுளிக்காமல் கேளுங்கள். கேட்டதை வெளியே சொல்லாதீர்கள்.

பெற்றோர்களே, மகன் தன்னைக் காத்துக்கொள்ள மாத்திரை போடுகிறான் என்றால் அது ஒழுக்கக்கேடு அல்ல, பொறுப்பு. வேளை தவறாமல் போட்டாயா என்று அவனைக் கேட்கும் வீடுகள் பெருகட்டும். மருந்தின் முழுப் பலனும் அப்போதுதான் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும்.