பங்கின் விலையும் பங்கின் மதிப்பும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம்மவர்கள் வளைகுடா வெயிலில் உழைத்து அனுப்பும் பணம் முன்பெல்லாம் மனையாகவும் நகையாகவும் மாறியது. இன்று அதில் ஒரு பகுதி பங்குச் சந்தைக்கும் செல்கிறது. 'இந்தப் பங்கை வாங்குவது ஆகுமா?' என்று ஆலிம்களிடம் கேட்கிறோம். அது கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால், 'ஆகும்' என்ற பதில் கிடைத்தவுடன் நம் விசாரணை முடிந்துவிடுகிறது. ஆகுமான பொருளையும் அளவுக்கு மீறிய விலை கொடுத்து வாங்கினால் நஷ்டமே மிஞ்சும். எனவே, 'இது உண்மையில் என்ன பெறும்?' என்னும் இரண்டாவது கேள்வியைக் குறித்து இன்று சிந்திப்போம்.

பங்கு என்பது ஒரு வியாபாரத்தில் நமக்குள்ள பாத்தியதை. கடைத்தெருவில் ஒரு கடையை விலைக்கு வாங்குவதானால் ஆண்டு லாபம், இருப்புச் சரக்கு, வெளியில் நிற்கும் பாக்கி, கடைமீதுள்ள கடன் ஆகிய அனைத்தையும் விசாரிக்கிறோம். பங்குக்கும் அதே விசாரணைதான். ஒரு நிறுவனத்திற்கு 10 லட்சம் பங்குகள். ஆண்டு நிகர லாபம் 1 கோடி ரூபாய் என்று கொள்வோம். பங்கு ஒன்றுக்கு லாபம் 10 ரூபாய். சந்தை விலை 300 ரூபாய் என்றால், லாபத்தைப்போல் 30 மடங்கு கொடுக்கிறோம். அதாவது, நாம் போடும் 100 ரூபாய்க்கு நிறுவனம் ஈட்டுவது ஏறத்தாழ 3.30 ரூபாய். லாபம் ஆண்டுதோறும் நன்கு வளர்ந்தாலன்றி அந்த விலைக்கு நியாயமில்லை. வளரும் என்பதற்கு ஆதாரம் என்ன என்று கேட்பதே மதிப்பீட்டின் தொடக்கம்.

ஏட்டில் காணும் லாபமும் கையில் வரும் பணமும் ஒன்றல்ல. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தின் கணக்கில் காட்டப்பட்ட ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம் என்று அதன் தலைவரே 2009 ஜனவரியில் ஒப்புக்கொண்டார். தணிக்கையாளர் கையொப்பமிட்ட கணக்கு அது! ஆகவே ஓராண்டுக் கணக்கோடு நில்லாமல் ஐந்தாண்டுக் கணக்கை வைத்து, லாபத்தோடு பணவரவும் ஒத்துவருகிறதா என்று பார்ப்பது அவசியம்.

கடனையும் பார்க்கவேண்டும். ஷரீஆ அளவுகோல்கள் பரவலாக, நிறுவனத்தின் வட்டிக் கடன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்றும், ஆகாத வழி வருமானம் 5 சதவீதத்திற்குள் இருக்கவேண்டும் என்றும் வரையறுக்கின்றன. கடன் பளு மிகுந்த நிறுவனமே நெருக்கடியில் முதலில் சாய்கிறது என்பதால், உலகியல் கணக்கிலும் இது பொருத்தமான அளவுகோலே.

அடுத்து, கடன் பத்திரம். வட்டிப் பத்திரம் நமக்கு உரியதன்று. எனினும் அதன் கணக்கை அறிவது நல்லது. ஆண்டுக்கு 7 சதவீதம் தரும் 1,000 ரூபாய்ப் பத்திரம் ஒன்று. முதிர்வுக்குப் பத்தாண்டுகள் உள்ளன. சந்தையில் வட்டி 8 சதவீதமாக உயர்ந்தால் அதன் விலை சுமார் 933 ரூபாய்க்கு இறங்கிவிடும். புதிய பத்திரம் 80 ரூபாய் தரும்போது, 70 ரூபாய் தருவதை முழுவிலைக்கு யார் வாங்குவார்? அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி 2023 மார்ச்சில் வீழ்ந்ததற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

வட்டிப் பத்திரத்திற்கு மாற்றாக, சொத்தின் வருமானத்தை அடிப்படையாகக் கொண்டு வந்தது சுகூக். ஆனால் அங்கும் விசாரணை தேவை. துபாயின் நக்கீல் நிறுவனம் வெளியிட்ட சுமார் 350 கோடி டாலர் சுகூக், 2009 டிசம்பரில் முதிர்வடைய இருந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன் தாய் நிறுவனம் கடன் தவணைக்கு அவகாசம் கேட்டது. சுகூக்கின் விலை கடுமையாகச் சரிந்தது. கடைசியில் அபூதாபியின் நிதியுதவியால்தான் பணம் திரும்பியது. சுகூக் என்ற பெயர் முதலீட்டாளரைக் காக்கவில்லை. உதவிக்கு வந்த கரமே காத்தது.

அப்படி ஒரு கரம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. பெங்களூருவில் 'ஹலால் முதலீடு' என்ற பெயரில் பணம் திரட்டிய ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019-ல் கவிழ்ந்தபோது, மகளின் திருமணத்திற்கும் முதுமைக்கும் சேர்த்துவைத்ததை இழந்தோர் பல்லாயிரவர். பெரும்பாலோர் நம் சமுதாயத்தினர். எந்த வியாபாரத்தில் இத்தனை லாபம் வருகிறது என்று கணக்குக் கேட்டோர் மிகச் சிலரே.

அன்பர்களே! கொடுக்கல் வாங்கலை எழுதிவைத்துச் சாட்சி வைக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. கணக்குக் கேட்பது அவநம்பிக்கையன்று, அமானிதத்தைப் பேணுவதாகும். ஆண்டறிக்கையைப் படிக்காமல் பங்கை வாங்கவேண்டாம். எங்கிருந்து வருமானம் வருகிறது என்று விளங்காத திட்டத்தில் பணம் போடவேண்டாம். கடன் வாங்கியும், நகையை அடகு வைத்தும் சந்தைக்குச் செல்லவே வேண்டாம். விளங்கவில்லை என்றால் விளங்கியவரிடம் கேட்போம். அதற்குப் பிறகும் விளங்கவில்லை என்றால் விலகி நிற்போம். விலகி நின்றதால் தவறிப்போன லாபத்தை நாளை வேறோரிடத்தில் தேடிக்கொள்ளலாம். ஒரு தலைமுறையின் உழைப்பு போய்விட்டால் மீட்பது அரிது.

நம் பொருளில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.