பிணத்துக்கு நாம், உயிருக்கு அவர்களா?

(இயக்கத் தோழர்களும் கல்லூரி மாணவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

வேலை, விடுதலை என்ற இரண்டு சொல்லையும் சேர்த்து வைத்துப் பேசச் சொன்னார்கள். நான் ஆம்புலன்ஸ் வேலையைப் பற்றிப் பேசப் போறேன். ஆம்புலன்ஸுக்கும் விடுதலைக்கும் என்னய்யா சம்பந்தம்னு நீங்க கேக்கலாம். சம்பந்தம் இருக்கு. ஒரு வேலை அழுக்கான வேலையாக இருக்கிறவரைக்கும் அது யார் தலையில் இருக்கிறது, அதே வேலைக்குச் சீருடையும் சம்பளமும் மரியாதையும் வந்த பிறகு அது யார் கைக்குப் போகிறது? இதைப் புரிஞ்சுக்க ஆம்புலன்ஸ் வேலையைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கல.

நடந்த இடம் அமெரிக்கா. பென்சில்வேனியா மாநிலத்தில் பிட்ஸ்பர்க் என்கிற இரும்பாலை நகரம். அதில் ஹில் டிஸ்ட்ரிக்ட் என்றொரு மேட்டுப் பகுதி. கறுப்பின மக்கள் அடர்ந்து வாழ்ந்த இடம். நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சன் பிறந்த மண். 1950களில் நகரத்தை அழகுபடுத்துறோம்னு சொல்லி அந்த மேட்டின் கீழ்ப்பகுதியை இடித்துத் தள்ளினார்கள். 8,000 பேர் வரைக்கும் வீடிழந்தார்கள். இடித்த இடத்தில் ஒரு பெரிய அரங்கம் 1961-ல் திறக்கப்பட்டது. அழகுபடுத்தறதுன்னா முதலில் அப்புறப்படுத்தப்படுவது யாரு என்பதை இங்கே உட்கார்ந்திருக்கிற யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தக் காலத்தில் அங்கே ஆம்புலன்ஸ் எப்படி இருந்தது? இன்றைக்கு நாம் நினைக்கிற மாதிரி இல்லை. நாடு முழுக்க ஓடிய ஆம்புலன்ஸ்களில் ஏறத்தாழ பாதியைச் சவ அடக்கம் செய்யும் கடைக்காரர்கள்தான் ஓட்டினார்கள். காரணம், படுக்க வைத்துக் கொண்டுபோகிற நீளமான வண்டி அவர்களிடம்தான் இருந்தது. 1966-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் வெளியிட்ட அறிக்கையே இதைச் சொல்கிறது. பிணத்தை ஏற்றுகிற வண்டியிலேயே உயிரையும் ஏற்றினார்கள். பிட்ஸ்பர்க்கில் இந்த வேலையைப் பெரும்பாலும் போலீஸ் பார்த்தது. கைதிகளை அள்ளிப் போட்டுக்கொண்டு போகிற அதே வேன். நோயாளியைப் பின்னால் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு போலீஸ்காரர்களும் முன்னால் உட்கார்ந்து ஓட்டுவார்கள். பின்னால் இருக்கிறவனுக்கு மூச்சு இருக்கா இல்லையான்னு பார்க்க ஆள் கிடையாது.

இதில் கறுப்பின மக்களுக்கு இன்னொரு சங்கடம். உடம்புக்கு முடியலன்னு யாரைக் கூப்பிடுவது? போலீசையா? நேற்று உன்னை அடித்தவன் இன்றைக்கு உன்னைக் காப்பாற்ற வருவானா? வருவதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வான்? நம்ம காலனிக்கு ராத்திரியில் போலீஸ் ஜீப் வந்தால் ஜனங்க எந்தப் பக்கம் ஓடுவாங்க என்று யோசித்துப் பாருங்கள், அந்த நிலைமை புரியும். 1966-ல் அதே நகரத்தின் முன்னாள் மேயரும் மாநிலத்தின் முன்னாள் கவர்னருமான டேவிட் லாரன்ஸ் ஒரு கூட்டத்தில் மயங்கி விழுந்தபோது அவரையும் போலீஸ் வண்டியில்தான் தூக்கிப் போட்டார்கள். பிறகு அவர் இறந்தார். ஹில் டிஸ்ட்ரிக்டில் தினமும் நடந்துகொண்டிருந்தது பெரிய மனிதருக்கும் நடந்தபோதுதான் நகரம் திரும்பிப் பார்த்தது.

இந்த நிலையில் மூன்று தரப்பு ஒன்று சேர்ந்தது. கறுப்பின மக்களுக்குத் தொழிலும் வேலையும் உண்டாக்குவதற்கென்று நடந்துவந்த ஃப்ரீடம் ஹவுஸ் என்ற அமைப்பு, அதன் ஜேம்ஸ் மெக்காய். ஃபால்க் மருத்துவ நிதியத்தின் தலைவராக இருந்த ஃபில் ஹாலன், முன்பு ஆம்புலன்ஸ் ஓட்டியவர். மூன்றாவது, வியன்னாவில் பிறந்த மயக்க மருந்து நிபுணர் டாக்டர் பீட்டர் சாஃபர். நின்றுபோன மூச்சை வாயோடு வாய் வைத்து ஊதித் திரும்பக் கொண்டுவர முடியும் என்று நிறுவியவர்களில் ஒருவர். 1966-ல் தன் மகளையே ஆஸ்துமாவுக்குப் பறிகொடுத்தவர். அப்பன் ஊர் உயிரையெல்லாம் மீட்கிற வழி சொன்னவன், ஆனால் மகளுக்கு நேரத்தில் உதவி கிடைக்கவில்லை. மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்கு முந்தின அந்தச் சில நிமிஷத்தில் தெருவிலேயே மருத்துவம் நடக்க வேண்டும் என்பது அவருடைய வாதம்.

1967-ல் ஆள் எடுத்தார்கள். யாரை? ஹில் டிஸ்ட்ரிக்ட் இளைஞர்களை. முதல் அணியில் 25 பேர். பள்ளிப்படிப்பை முடிக்காதவர்கள் இருந்தார்கள். வியட்நாம் போருக்குப் போய்த் திரும்பி வேலையில்லாமல் நின்றவர்கள் இருந்தார்கள். சிறைக்குப் போய் வந்தவர்களும் இருந்தார்கள். வேலைக்கு லாயக்கில்லாதவங்க என்று அரசாங்கமும் பத்திரிகையும் முத்திரை குத்தி வைத்திருந்த கூட்டம். அவர்களுக்கு 32 வாரத்தில் 300 மணி நேரப் பயிற்சி. உடற்கூறு, மூச்சு மீட்பு, பிரசவம் பார்ப்பது, வண்டி ஓட்டுவது, பிறகு மருத்துவமனைக்குள்ளேயே நின்று கற்றுக்கொள்வது. நாட்டில் வேறெங்கும் ஆம்புலன்ஸ்காரனுக்கு இந்தப் பயிற்சி கிடையாது.

பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போதே 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். ஹில் டிஸ்ட்ரிக்ட் பற்றி எரிந்தது. அந்த ஆண்டிலேயே இரண்டு வண்டிகளோடு சேவை தொடங்கியது. முதல் ஆண்டில் மட்டும் 5,800க்கு மேல் அழைப்புகள், 4,600க்கு மேல் நோயாளிகள். ஏறத்தாழ 200 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக டாக்டர் சாஃபர் கணக்கெடுத்தார். லாயக்கில்லாதவன் என்று சொன்னாயே, அவன் கணக்கு இது.

அவர்களுடைய அன்றாட வேலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அழைப்பு வந்தால் மாடிப்படியெல்லாம் ஏறி, வண்டிக்குப் பின்னால் நோயாளியோடு உட்கார்ந்து, குழாய் போட்டு, ஊசி போட்டு, வயர்லெஸ்ஸில் டாக்டரிடம் பேசிக்கொண்டே கொண்டுபோக வேண்டும். வீட்டுக்குள் போனால் கறுப்பன் கை என் மேல் படக்கூடாது என்று சொல்கிற வெள்ளைக்கார நோயாளி இருந்தான். செத்தாலும் பரவாயில்லை, தீட்டுப் படக்கூடாது! இதை நாம் எங்கேயோ கேட்ட மாதிரி இல்லையா? மருத்துவமனைக்குள் போனால், எடுபிடி ஆள் என்று நினைத்து ஏவியவர்கள் உண்டு. சில நேரம் போலீசே இவர்களுக்குத் தகவல் சொல்லாமல் தானே நோயாளியை அள்ளிப் போட்டுக்கொண்டு போகும்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு விஷயம் நடந்தது. ஜான் மூன் என்கிறவர் மருத்துவமனையில் நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போகிற ஆர்டர்லி வேலையில் இருந்தார். ஒருநாள் ஃப்ரீடம் ஹவுஸ் ஆட்கள் இரண்டு பேர் சீருடையில் வந்து நோயாளியைப் பற்றி அதிகாரத்தோடு பேசுவதைப் பார்த்தார். கறுப்பர்கள், ஆனால் ஏவலாட்கள் இல்லை. அந்த வேலைக்கே போயாக வேண்டும் என்று தீர்மானித்துப் படித்துச் சேர்ந்தார். நம்ம தெருவிலிருந்து முதல் ஆள் வேலைக்குப் போகும்போது பின்னால் வருகிற பத்துப் பேர் கண்ணில் என்ன தெரிகிறதோ, அதுதான் ஜான் மூன் கண்ணிலும் தெரிந்தது. 1974-ல் டாக்டர் நான்சி கரோலின் இவர்களுக்கு மருத்துவ இயக்குநராக வந்தார். இவர்களோடு வண்டியில் போனார், இவர்களோடு சேர்ந்து கற்பித்தார். நாடு முழுவதற்குமான பயிற்சித் திட்டம் இவர்களை வைத்தே பரிசோதிக்கப்பட்டது. இன்றைக்கு பாராமெடிக் என்று சொல்கிறோமே, அந்தத் தொழிலுக்கு உரு கொடுத்தவர்களில் ஹில் டிஸ்ட்ரிக்ட் இளைஞர்களுக்கு முதல் வரிசையில் இடமுண்டு.

சரி, இதற்குப் பரிசு என்ன?

மற்ற பகுதி வெள்ளைக்காரர்கள் கேட்க ஆரம்பித்தார்கள்: ஹில் டிஸ்ட்ரிக்டுக்கு நல்ல ஆம்புலன்ஸ், எங்களுக்குப் போலீஸ் வேனா? நியாயமான கேள்விதான். ஃப்ரீடம் ஹவுஸை நகரம் முழுக்க விரித்திருந்தால் பதில் கிடைத்திருக்கும். மேயர் பீட் ஃப்ளாஹர்ட்டியின் நகராட்சி அதைச் செய்யவில்லை. தனியாக ஒரு நகராட்சிச் சேவையை உண்டாக்கியது. 1975 அக்டோபர் 15-ஆம் தேதி ஃப்ரீடம் ஹவுஸ் மூடப்பட்டது.

பழைய ஆட்களை எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். எடுத்துக்கொண்டார்கள். பிறகுதான் வேலை காட்டினார்கள். ஒன்றாக வேலை பார்த்தவர்களைப் பிரித்துப் போட்டார்கள். அனுபவம் குறைந்த வெள்ளையருக்குக் கீழே வைத்தார்கள். பழைய வழக்கைக் காரணம் காட்டிச் சிலரை வெளியே அனுப்பினார்கள். பாஸ், ஃபெயில் என்று ஒரு தேர்வு வைத்தார்கள், அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்காத பாடத்திலிருந்தும் கேள்வி கேட்டார்கள். சில ஆண்டுகளில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். 1990களின் இறுதியில் அந்த நகரத்துப் பாராமெடிக்குகளில் நூற்றுக்கு 98 பேர் வெள்ளையர்.

தோழர்களே, இங்கேதான் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். யாரும் 'கறுப்பன் வேண்டாம்' என்று உத்தரவு போடவில்லை. தேர்வு வைத்தார்கள், அவ்வளவுதான். நான் வங்கியில் குமாஸ்தா. ஒரு எழுத்துத் தேர்வு எழுதித்தான் உள்ளே போனேன். இட ஒதுக்கீடு இல்லாமல் இருந்தால் கவுன்டருக்கு வெளியில்தான் நின்றிருப்பேன். தேர்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உயிரைக் கையில் எடுக்கிறவனுக்குப் படிப்பு வேணும், பரீட்சையும் வேணும். ஃப்ரீடம் ஹவுஸ் ஆட்களும் 300 மணி நேரம் படித்துத்தான் வந்தார்கள். ஆனால் ஏழு வருஷம் தெருவில் உயிர் மீட்டவனை, கூடவே நின்று பார்த்த டாக்டர் தேர்ந்தவன் என்று சொன்னவனை, ஒரு நாள் தாளில் கோடு போட்டு வெளியேற்றுகிறாயே, அந்தத் தேர்வு அளப்பது தகுதியையா? வெளியேற்றவென்றே வைத்த தேர்வுக்குத் தகுதி என்று பெயர் சூட்டுவது உலகம் முழுக்க ஒரே மாதிரிதான் நடக்கிறது.

இப்ப நம்ம பக்கம் வருவோம். இந்த நாட்டில் செத்த மாட்டைத் தூக்கியவன் யார்? சாவுச் சேதி சொல்ல ஊர் ஊராக நடந்தவன் யார்? பறையடித்தவன், குழி வெட்டியவன், சுடுகாட்டில் வேகவைத்தவன் யார்? அரசு மருத்துவமனைப் பிணவறைக்குள் போய்ப் பாருங்கள், அங்கேயும் பெரும்பாலும் நம்ம ஆட்கள்தான். பிணத்தைத் தொடுவதற்கு எந்தத் தேர்வும் கிடையாது. பிறப்பே தகுதி. உயிரைத் தொடுகிற இடத்துக்கு வந்தால் மட்டும் தகுதி, திறமை, மதிப்பெண் எல்லாம் வந்துவிடும். இதுதான் நான் தலைப்பில் கேட்கிற கேள்வி.

108 என்ற எண் 2005-ல் ஆந்திராவில் தொடங்கி 2008-ல் தமிழ்நாட்டுக்கு வந்தது. நல்ல திட்டம். காசு வாங்காமல் வருகிற வண்டி. பிரசவ வலியில் காலனியிலிருந்து கட்டிலில் தூக்கிக்கொண்டு ஓடிய காலம் நமக்கு நினைவிருக்கிறது. அதை மாற்றியதில் இந்த வண்டிக்குப் பங்குண்டு. ஆனால் அரசு பணம் தர, தனியார் அமைப்பு நடத்துகிற ஏற்பாடு அது. இரவு பகல் பாராமல் ஓட்டுகிற ஓட்டுநரும் மருத்துவ உதவியாளரும் அரசு ஊழியர்கள் இல்லை. 12 மணி நேர ஷிப்ட். எட்டு மணி நேர வேலை கேட்டும், போனஸ் கேட்டும் வேலைநிறுத்தம் வரை போயிருக்கிறார்கள். தனியார் வழியாக ஆள் எடுக்கும்போது இட ஒதுக்கீட்டைப் பின்பற்றச் சட்டக் கட்டாயமும் இல்லை. நாம் சண்டை போட்டு வாங்கிய கதவை அடைக்கவில்லை, கதவு இல்லாத பக்கமாகக் கட்டடத்தை நகர்த்தி வைத்துவிட்டார்கள்.

ஆக மூன்று விஷயம் சொல்லி முடிக்கிறேன். ஒன்று, பொதுப்பணம் செலவாகிற எந்த வேலையிலும் இட ஒதுக்கீடு வேண்டும், அதை நடத்துவது தனியாராக இருந்தாலும் சரி. இரண்டு, வேலையில் இருப்பவர்களின் அனுபவத்தை மதிப்பெண்ணாக எண்ணாத எந்தத் தேர்வையும், பணிமாற்றத்தையும் நாம் கேள்வி கேட்க வேண்டும். மூன்று, இங்கே வந்திருக்கிற மாணவர்களுக்கு: உங்க ஊரில் 108-ல் ஓடுகிற நம்ம பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேசுங்கள். எந்த வீட்டில் அண்டா தண்ணீர் கொடுத்தான், எந்த வீட்டில் நோயாளியைத் தூக்கவிட்டு டம்ளரை மட்டும் தனியா வைத்தான் என்று கேட்டு எழுதுங்கள். ஃப்ரீடம் ஹவுஸ் மூடி முப்பது நாற்பது வருஷம் கழித்து ஆவணப்படம் வந்தது, புத்தகம் வந்தது. அவர்களில் பலர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. நம்ம கதைக்கு அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம்.

ஜான் மூன் மட்டும் விடவில்லை. அவமானத்தையெல்லாம் தின்று செரித்துக்கொண்டு நகராட்சிச் சேவையிலேயே நின்று துணைத் தலைவர் பதவிவரை போனார். அவர் இழுத்துக் கொண்டுவந்து சேர்த்த கறுப்பினப் பெண் அமீரா கில்கிறிஸ்ட், 2023-ல் அந்தச் சேவைக்கே தலைவரானார். உள்ளே போன ஒரு ஆள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றால் பின்னால் வருகிறவர்கள் நுழையலாம். உள்ளே போய்விட்ட நமக்கெல்லாம் அந்த வேலை பாக்கி இருக்கிறது.