கம்பி முடியும் இடம்

(ஒகேனக்கல்லில் நடந்த கலந்துரையாடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே வருகிறவர்கள் அருவியைப் பார்ப்பார்கள். நான் மோட்டாரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் கறை படியும், எலும்பு வளையும். அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013இல் தொடங்கி வைத்தார்கள். ஆறு ஓடுவது பள்ளத்தில், நாம் இருப்பது மேட்டில். தண்ணீரை மேலே ஏற்றுவது மின்சாரம். கரண்ட் இரண்டு நாள் போனால் மறுபடியும் பழைய போர்வெல் தண்ணீர்தான்.

வானிலையும் முன்போல் இல்லை. 2024 ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறக்கப் போதிய தண்ணீர் இல்லை. ஜூலை முடிவதற்குள் அதே அணை 120 அடியைத் தொட்டது. டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை, கடலே இல்லாத நம் பக்கம் கொட்டியது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ., அரூரில் 33.

அந்த மழைக்குப் பிறகு ஆய்வுக்காக அரூர்ப் பக்கம் ஒரு காலனிக்குப் போனேன். ஊர்த் தெருவில் டீக்கடை டிவி ஓடிக்கொண்டிருந்தது. காலனியில் இருட்டு. ஓர் அக்கா செல்போனை நீட்டி, “தம்பி, ஊருக்குள்ள போனா இதைச் சார்ஜ் போட்டுட்டு வாங்க. நாங்க கேட்டா ஒரு மாதிரி பாப்பாங்க” என்றார். நான் யாரென்று அங்கே எவருக்கும் தெரியாது. சார்ஜ் ஏறியது.

புயலுக்குப் பிறகு பழுது பார்க்கும் வேலை துணை மின்நிலையத்திலிருந்து வெளியே நகரும். மருத்துவமனை, நீரேற்று நிலையம், பிறகு இணைப்புகள் அதிகமுள்ள தெரு. இந்த வரிசையில் சாதி இல்லை என்பார்கள். சேரியை ஊருக்கு வெளியே வைத்ததில் இருக்கிறதே! ஊரின் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து இழுத்த கம்பி காலனியில் போய் முடிகிறது. நல்ல நாளிலேயே அங்கே வோல்டேஜ் குறைவு. 2018 கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. அப்படியொரு நாளில் கடைசிக் கம்பத்தை எப்போது நடுவார்கள்?

மாநாடுகளில் இதற்குக் ‘காலநிலைத் தகவமைப்பு’ என்று பெயர். புதைவடம் என்கிறார்கள், அது சென்னைத் தெருக்களுக்குப் போகிறது. வீட்டுக்கூரை சோலாருக்கு ஒன்றிய அரசு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. தகரக் கொட்டகையிலும் விரிசல் விட்ட தொகுப்பு வீட்டிலும் அதை எங்கே மாட்டுவது?

1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கரிடம்தான் மின்சாரமும் இருந்தது. அது மலிவாக, தாராளமாகக் கிடைக்க வேண்டும் என்று வாதிட்டவர் அவர். நாம்தான் அவரை அரசியல் சட்டத்தோடு நிறுத்திவிட்டோம்.

காலனிக்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர் கேட்போம். சமுதாயக் கூடத்துக்கு பேட்டரியோடு சோலார் கேட்போம். இதைவிட முக்கியமாக, கணக்கைக் கேட்போம். மின்தடைக் கணக்கு ஃபீடர் அளவில்தான் எடுக்கப்படுகிறது. ஊருக்கு வந்தால் காலனிக்கும் வந்ததாகவே அதில் பதிவாகும். எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதச் சொல்லுவோம். அவர்கள் எழுதும்வரை நாம் எழுதுவோம். அடுத்த மழைக்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும்.