செய்தவன் பெயரும் ஏந்தியவன் பெயரும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கிய விழாவில் பழைய சுரங்க விளக்குகளைத் திரட்டுவது பற்றிப் பேசுவது பொருந்துமா என நீங்கள் எண்ணக்கூடும். விளக்கைப் பாடுவதில் நம் மொழிக்குக் குறைவில்லை. அகல் விளக்கும் தூண்டா விளக்கும் நம் பாட்டில் உண்டு. திருக்கோவலூர் இடைகழியில் முதலாழ்வார் மூவர் கூடிய வரலாறும் நாம் அறிந்ததே. ஆயினும் மண்ணுக்கடியில் நம் மக்கள் ஏந்திய விளக்கை நாம் போதிய அளவு நோக்கவில்லை. அது குறித்தே இன்று பேச விழைகிறேன்.

அவ்விளக்கு கையடக்கமான ஒரு பித்தளைக் கலம். அதற்கு இரண்டு அறைகள். மேலறையில் நீர், கீழறையில் கார்பைடு கல். மேலுள்ள சிறு திருகைத் திருப்பினால் நீர் சொட்டுச் சொட்டாய்க் கீழிறங்கும். நீர் பட்ட கல் பொங்கி அசிட்டிலீன் வாயுவை வெளிவிடும். அது ஊசித்துளை வழியே வந்து வெண்சுடராய் எரியும். எரிந்து தீர்ந்தபின் கீழறையில் எஞ்சுவது நாம் நன்கறிந்த நீற்றுச் சுண்ணாம்பே. நெருப்பை அணைக்கும் நீரே இங்கு நெருப்புக்கு உணவு தருகிறது. இதனினும் நல்ல முரண்தொடையைக் கவிஞர்கள் எங்கே தேடுவர்?

1892-ஆம் ஆண்டில் தாமஸ் வில்சன் என்பார் அமெரிக்காவில் வேறொன்றைத் தேடி மின்னுலையில் சோதனை செய்தபோது, கால்சியம் கார்பைடை மிகுதியாக ஆக்கும் வழி கிட்டியது. 1900-இல் பிரடெரிக் பால்டுவின் என்பார் நியூயார்க்கில் இத்தகைய விளக்குக்குக் காப்புரிமை பெற்றார். மீத்தேன் கசியும் நிலக்கரிச் சுரங்கத்தில் இத்திறந்த சுடர் உயிருக்கு உலை வைக்கும். ஆகவே பொன், செம்பு முதலிய பாறைச் சுரங்கங்களே இதற்கு உரிய இடமாயின.

பாறைச் சுரங்கம் என்றதும் தமிழர் நெஞ்சில் எழுவது கோலார் தங்கவயல். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்குப் பணி தொடங்கியது. வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து பஞ்சமும் சாதிக் கொடுமையும் துரத்தச் சென்ற எளிய மக்களே அங்கே பாறை பிளந்தனர். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. எனினும் தொழிலாளியோடு துணை சென்றவை மெழுகுவத்தியும் கார்பைடு விளக்குமே. மின்கலத் தலைவிளக்கு பின்னர் வந்தது. காலப்போக்கில் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாய் இறங்கியது. பாறை வெடிப்பிலும் தூசு தந்த நுரையீரல் நோயிலும் மாண்டோர் பலர். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது.

அம்மக்களை வெறும் உழைப்பாளிகளாக மட்டும் எண்ணிவிடலாகாது. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய இதழ், பின்னர் ‘தமிழன்’ எனப் பெயர் பெற்று, அவர் மறைவுக்குப் பின் நின்றபோது, 1926-இல் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. ஜி. அப்பாதுரையார் அதன் ஆசிரியர். 1930-இல் விரல்ரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தவர்களும் அவர்களே. ரேகையாகக் குறுக்கப்படுவதை ஏற்க மறுத்த அவர்களுள் எத்தனை பேரின் பெயர் இன்று நமக்குத் தெரியும்?

இனி, திரட்டும் முறை பற்றிச் சில சொற்கள். பழம்பொருள் விரும்புவோர் முதலில் பார்ப்பது அடிப்புறத்தில் பொறித்த நிறுவனத்தின் பெயரையே. மேற்கலமும் கீழ்க்கலமும் ஒரே விளக்கினவா, மூடி மாற்றப்பட்டதா என ஆராய்வர். இவை வேண்டியவைதாம். ஆனால் கலத்தின் பக்கத்தில் ஆணியால் கீறிய ஓர் எழுத்தோ எண்ணோ இருப்பின், அதுவே அரும்பொருள். ஏந்தியவன் இட்ட ஒப்பம் அது. புளியிட்டுத் தேய்த்தால் பித்தளை மின்னும், கீறல் மறையும். விளக்குதல் என்னும் சொல்லுக்குத் துலக்குதல் என்றும் தெளிவாக்குதல் என்றும் இரு பொருள் உண்டு. இவ்விளக்கை முதற்பொருளில் விளக்காதீர்கள். இரண்டாம் பொருளில் விளக்குங்கள். பழங்கலத்தில் வாயு கசியக்கூடுமாதலின், ஏற்றிப் பார்க்கும் ஆசையையும் அடக்கிக் கொள்ளுங்கள்.

இவ்வுரையை நம் தொண்டூரில் நிகழ்த்துவதற்கும் காரணம் உண்டு. இவ்வூர்க் குன்றில் சமணர் கற்படுக்கைகள் உள்ளன. அங்குள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டு கி.பி. 3-ஆம் நூற்றாண்டினது என்பர். இளங்காயிபன் என்பவன் ஏவ, அகழூரார் அறமாக, மோசி என்பவன் அவ்விருக்கையைச் செய்தான் என்பது அதன் பொருள். ஏவியவன் பெயரோடு கல் கொத்தியவன் பெயரும் நிலைத்திருக்கிறது. தங்கவயலிலோ ஏவிய நிறுவனத்தின் பெயர் நிலைத்தது. பாறை பிளந்தவன் பெயர் நிலைக்கவில்லை.

அன்பர்களே, இவ்விளக்குகள் எடைக்கு எடை பழம்பித்தளையாய் உருக்கப்பட்டு வருகின்றன. உங்கள் உறவிலோ ஊரிலோ தங்கவயலுக்குச் சென்றோர் இருப்பின், அவ்வீட்டுப் பரணைக் கேளுங்கள், பெரியவர்களைக் கேளுங்கள். விளக்குக் கிடைத்தால் அதனோடு ஒரு தாளில் ஏந்தியவர் பெயரையும் ஊரையும் இறங்கிய சுரங்கத்தையும் எழுதி வையுங்கள். விளக்குக் கிடைக்காவிடினும் பெயரை எழுதுங்கள். சொல்லைக் காப்பதற்கென்றே கூடிய வட்டம் இது. பெயரும் சொல்தானே!