பழைய கார்டு பாக்கிக்கு வந்த சம்மன்

எப்போதோ கட்டாமல் விட்ட கிரெடிட் கார்டு பாக்கிக்கு, பல வருஷம் கழித்து நீதிமன்றத்திலிருந்து சம்மன் வருகிறது. பயத்தில் அதை வாங்காமல் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நீங்கள் ஆஜராகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும்.

முதலில் பாக்கி விழுந்த தேதியைப் பாருங்கள். 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி, இத்தகைய கடனுக்கு மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அந்தக் கெடுவுக்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்திட்டிருந்தால், அன்றிலிருந்து மூன்று வருஷம் புதிதாக ஓடும். கெடு தாண்டிய கடனையும், 'கட்டிவிடுகிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டால், ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு உயிர்ப்பித்துவிடும். அதனால் வசூலுக்கு வருபவர், 'சும்மா ஒரு கையெழுத்துதானே சார்' என்று நீட்டுகிற தாளைப் படிக்காமல் பேனாவைத் தொடாதீர்கள்.

சாதாரண வழக்கென்றால் சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 37-ஆவது கட்டளையின்படி வந்த சுருக்கமுறை வழக்கென்றால், ஆஜராகப் பத்தே நாள்தான். வட்டியும் அபராதமும் எப்படிக் கூடின என்று கணக்கு கேளுங்கள். கடனை வேறொரு நிறுவனம் வாங்கியிருந்தால், அந்த மாற்றுப் பத்திரத்தையும் கேளுங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையா? மாவட்ட நீதிமன்றத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவசமாக வக்கீல் தருவார்கள். தொலைபேசி எண் 15100.