கடல் கடந்த தமிழர் கழகங்களும் கரையிலிருப்போர் கடமையும்

(பெரம்பலூர், அரியலூர் வட்டாரத் தமிழன்பர்கள் அரியலூரில் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தமிழன் கடல் கடந்தது நேற்று இன்று நிகழ்ந்ததன்று. இவ்வூரிலிருந்து கிழக்கே உடையார்பாளையம் வழியாகச் செல்வோர் கங்கைகொண்ட சோழபுரத்தைக் காண்பர். முதலாம் இராசேந்திரன் 1025ஆம் ஆண்டில் கடாரத்தின்மேல் கப்பற்படை விடுத்தான். அந்நிகழ்ச்சிக்கு ஆயிரம் ஆண்டு 2025இல் நிறைந்தது. அவ்வெற்றி மேடைதோறும் பேசப்படுகின்றது; பேசப்படவேண்டியதே. ஆயினும் படை சென்றது, வென்றது, மீண்டது. படைக்கு முன்னும் பின்னும் சென்று, சென்ற இடத்தில் நிலைத்து நின்றவர் வேறொருவர். அவர் வணிகர்.

சுமத்திராத் தீவின் மேலைக்கரையில் பாரூசு என்னும் பழந்துறை உள்ளது. அங்கே 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்தது. 'திசையாயிரத்து ஐந்நூற்றுவர்' என்னும் வணிகக் குழுவினர் ஒன்றுகூடி, துறைக்கு வரும் கலங்கள் செலுத்தவேண்டிய இறையை வரையறுத்த செய்தியை அது கூறுகின்றது. சீனத்துக் குவான்சௌ துறைமுகத்தில் தமிழர் எழுப்பிய சிவன் கோவிலைப் பற்றிய 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் கிடைத்துள்ளது. இவை வேந்தன் வெட்டுவித்தவை அல்ல. அயல்மண்ணில் கூடிய தமிழர் தாமே வெட்டுவித்தவை. கூடினர், முடிவு செய்தனர், முடிவைத் தம் மொழியில் பொறித்தனர். கடல் கடந்த தமிழர் கழகத்தின் இலக்கணம் இம்மூன்று செயலிலும் அடங்கிவிட்டது. மூன்றாம் செயல் நின்றுபோன இடத்தில் என்ன நேர்ந்தது என்பதே இன்றைய உரையின் பொருள்.

கோவில் நின்றது; மொழி நிற்கவில்லை

வணிகராய்ச் சென்ற தமிழன், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கூலியாளாய்ச் சென்றான். ஆங்கிலப் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1834இல் நடைமுறைக்கு வந்தது. கரும்புத் தோட்டத்து வெள்ளையனுக்கு ஆள் வேண்டியிருந்தது. பஞ்சத்தில் வாடிய உழவன் கைக்கெட்டும் தொலைவில் இருந்தான். மொரீசியசுக்கும், 1860 முதல் தென்னாப்பிரிக்க நேத்தாலுக்கும், பின்னர்ப் பிசித் தீவுக்கும் அவன் ஏற்றப்பட்டான். இலங்கைத் தேயிலைக்கும் மலேயா இரப்பருக்கும் கங்காணிகள் ஆள் திரட்டினர். அக்கங்காணிகள் மிகுதியாக வந்துபோன மாவட்டங்களுள் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. பெரம்பலூரும் அரியலூரும் அந்நாளில் அம்மாவட்டத்து ஊர்களே. நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர் பினாங்கில் இறங்கினர்.

பிரெஞ்சியர் ஆட்சியில் புதுச்சேரி, காரைக்கால் வழியாகச் சென்றோர் நிலை வேறு. ரெயூனியன் தீவுக்கும், 1853இல் மார்த்தினீக்குக்கும், 1854இல் குவாதலூப்புக்கும் அவர்கள் சென்றனர். அங்கெல்லாம் மாரியம்மன் வழிபாடு இன்றும் உண்டு. ரெயூனியனில் தீமிதி உண்டு, காவடி உண்டு. பாட்டன் பெயர் குடும்பப் பெயராய் நிற்கின்றது. ஆனால் அப்பெயரைத் தாங்கியவருக்கு அதன் பொருள் தெரியாது. வீட்டில் பேசுவது கிரியோல். பள்ளியில் பயில்வது பிரெஞ்சு. பூசைப் பாட்டு, பொருள் விளங்கா ஒலியாய் வாய்வழி வருகின்றது. அவர்களைக் குறை கூறுதல் அறமன்று. பள்ளியும் இதழும் அச்சகமும் இன்றி, நூற்றைம்பது ஆண்டுகட்கு மேலாக ஒரு மக்கள் கூட்டம் தன் தெய்வத்தைக் காத்து நின்றதே வியப்பு. ஆயினும் உண்மை உண்மையே. கோவில் மட்டும் கட்டிய இடத்தில் வழிபாடு நின்றது, மொழி நிற்கவில்லை.

பள்ளியும் இதழும் செய்த வேலை

மலேயாவுக்கு வருவோம். பினாங்கில் 1816ஆம் ஆண்டிலேயே ஆங்கிலப் பள்ளியொன்றில் தமிழ் வகுப்புத் தொடங்கப்பெற்றது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி அகவையினர் பத்துப் பேர் உள்ள தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டும் என விதித்தது. தோட்டத்துப் பள்ளி என்றால் மாளிகை அன்று. ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், பல வகுப்பு. பால்மரம் சீவப் போன தாய் திரும்பும்வரை பிள்ளை அங்கிருந்தது; இருந்தவரை தமிழ் படித்தது. அந்தக் கொட்டகைகளின் வழிவந்த தமிழ்ப்பள்ளிகள் ஐந்நூற்றுக்கு மேல் இன்றும் மலேசியாவில் இயங்குகின்றன. தாய்நிலத்துக்கும் ஈழத்துக்கும் வெளியே இத்தனை தமிழ்ப்பள்ளி உள்ள நாடு வேறில்லை.

சிங்கப்பூரில் ஒருவர் தனித்துக் குறிக்கத் தக்கவர். அவர் கோ. சாரங்கபாணி. 1903இல் திருவாரூரில் பிறந்து, 1924இல் சிங்கப்பூர் சென்றவர். 1935இல் தொடங்கிய 'தமிழ் முரசு' இதழை வளர்த்து நாளிதழாக்கியவர். சாதி, ஊர், தொழில் என்று பிரிந்து கிடந்த கழகங்களை ஓரவையின்கீழ்க் கொணர்ந்தார். 1952 முதல் பொங்கலைத் 'தமிழர் திருநாள்' ஆக்கி, சமயம் கடந்து தமிழர் அனைவரையும் ஒரு மேடையில் அமர்த்தினார். மாணவர்க்கென 'மாணவர் மணிமன்றம்' என்னும் பகுதியைத் தம் இதழில் திறந்தார். அதில் எழுதிப் பழகிய பிள்ளைகள் பலர் பின்னாளில் அந்நாட்டின் எழுத்தாளராயினர். நாடு மாறிக்கொண்டிருந்த 1950களில், குடியுரிமை பெறுக என்று தொழிலாளரைத் தட்டியெழுப்பினார். விழாவும் நடத்தினார், விழா முடிந்த மறுநாள் செய்யவேண்டிய வேலையையும் செய்தார். பிற அமைப்புகட்கு அவர் காட்டிய வழி இதுவே.

அவர் பணியுள் தலையாயது ஒன்று. 1950களின் நடுவில் மலேயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியத் துறை அமையவிருந்தது. அதில் வடமொழிக்கு முதன்மை தரவேண்டும் என்னும் கருத்து எழுந்தது. அந்நாட்டில் வாழ்ந்த இந்தியருள் மிகப் பெரும்பாலோர் தமிழர். பால்மரம் சீவியவன் தமிழன். தண்டவாளம் இட்டவன் தமிழன். துறைமுகத்தில் சுமந்தவன் தமிழன். அவன் மொழிக்குப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் இடமா? சாரங்கபாணி எழுதினார், பேசினார், ஊர் ஊராய்க் கிளர்ச்சியைப் பரப்பினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் பொருட்டொகை திரட்டினார். தொழிலாளர் தம் சிறு கூலியிலிருந்து வெள்ளி கொடுத்தனர். அப்பணம் பல்கலைக்கழகத்தின் தமிழ் நூல்களுக்குச் சென்றது. துறையிலும் தமிழே முதன்மை பெற்றது. பின்னர் அத்துறைக்குத் தலைவராய் வந்தவர் தனிநாயக அடிகள். முதல் உலகத் தமிழ் மாநாடு 1966இல் கோலாலம்பூரில் கூடியது. தாய்நிலம் இரண்டாம் மாநாட்டைத்தான் 1968இல் சென்னையில் நடத்தியது. எழுதப் படிக்கத் தெரியாத கூலியாள் கொடுத்த வெள்ளி, உலகத் தமிழாராய்ச்சிக்கு அடிக்கல்லாயிற்று என்றால் அது மிகையன்று.

பள்ளி மட்டும் போதுமா?

இங்கே ஓர் ஐயம் எழும். பள்ளி இருந்தால் மொழி நிலைத்துவிடுமா? பிசித் தீவைப் பாருங்கள். தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் 1926இல் அங்கே தோன்றிப் பல பள்ளிகளை நிறுவியது. அப்பள்ளிகள் இன்றும் சிறக்கின்றன. ஆனால் அங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலும் இந்தியே வீட்டு மொழியாகிவிட்டது. கரும்புக் காட்டில் எல்லாரும் பேசிய மொழி அடுப்படிக்குள்ளும் புகுந்தது.

மொரீசியசில் அரசு பணத்தாளில் தமிழ் எழுத்து உண்டு. 1998இல் புதுத்தாள் அச்சிட்டபோது தமிழைக் கீழிறக்கி இந்தியை மேலேற்றினர். தமிழர் அமைப்புகள் கொதித்தெழுந்தன. அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. தமிழ் தன் பழைய இடத்தில் மீண்டும் அமர்ந்தது. தலைவணங்கத் தக்க வெற்றி! எனினும் அப்பணத்தாளில் உள்ள தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கவல்ல தமிழர் அங்கே சிலரே. உரிமையைக் கழகம் மீட்டுத் தரும். நாவை மீட்டுத் தராது.

சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி நான்கனுள் ஒன்று. பள்ளியில் தமிழ் உண்டு, நாளிதழ் உண்டு, வானொலி, தொலைக்காட்சி உண்டு, ஆண்டுதோறும் தமிழ்மொழி விழா உண்டு. இத்தனை இருந்தும், ஐந்து அகவைக்கு மேற்பட்ட குடிமக்களும் நிலைவாழ்வுரிமை பெற்றோருமாகிய மக்களுள், வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 2010இல் நூற்றுக்கு 3.3 ஆக இருந்து, 2020இல் 2.5 ஆகக் குறைந்தனர். அரசு கைவிட்டதாலன்று, கூடம் கைவிட்டதால். பள்ளியில் பயின்ற தமிழ் வாயிற்படியில் செருப்போடு கழற்றி வைக்கப்படுகின்றது.

ஆகவே தெளியலாவது இது: கோவில் இனத்தைக் காக்கும், பள்ளி எழுத்தைக் காக்கும், இதழ் கருத்தைக் காக்கும், மொழியை உயிரோடு காப்பது வீடு. இந்நான்கும் கைகோத்த இடத்திலேயே தமிழ் நிற்கும்.

ஈழத்தவர் இதை நன்குணர்ந்தனர். 1983ஆம் ஆண்டுக் கொடுமைக்குப் பின் ஏதிலிகளாய் ஐரோப்பாவிலும் கனடாவிலும் ஒதுங்கியவர்கள், தலைக்குமேல் கூரை அமைந்தவுடன் தமிழ் வகுப்பைத் தொடங்கினர். பிரான்சில் தமிழ்ச்சோலைகள்; நார்வேயில் அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடம். கிழமை முழுதும் உணவகத்திலும் தொழிற்சாலையிலும் உழைத்த தாய் தந்தையர், ஓய்வு நாளில் பிள்ளையைப் பனியில் அழைத்துச் சென்று அகரம் எழுத வைத்தனர். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட மக்களுக்கு ஏட்டின் அருமையை எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. தமிழிருக்கை வேண்டுமென்று ஆர்வர்டுப் பல்கலைக்கழகத்துக்கும், பின்னர் தொரண்டோப் பல்கலைக்கழகத்துக்கும் உலகத் தமிழர் பொருள் திரட்டிக் கொடுத்தனர். 'தமிழ் எங்கள் உயிர்' என்று தொழிலாளர் கொடுத்த வெள்ளியின் தொடர்ச்சியே அது.

கரையிலிருப்போர் செய்யத் தக்கது

இனி இவ்வட்டாரத்துக்கு வருவோம். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் பெரம்பலூரிலிருந்தும், சுண்ணாம்புக்கல் தோண்டும் அரியலூரிலிருந்தும் இளைஞர் இன்றும் கடல் கடக்கின்றனர். கட்டட வேலைக்குச் சிங்கப்பூரும் வளைகுடாவும். படித்தோர்க்கு அமெரிக்காவும் ஐரோப்பாவும். முன்னோர் போனது திரும்பா வழி. இன்றோ கைப்பேசித் திரையில் நாள்தோறும் முகம் காண்கின்றனர். முன்னோர்க்குக் கிட்டாத இவ்வாய்ப்பு எதற்குப் பயன்படுகின்றது?

அயல்நாட்டுப் பேரன் திரையில் தோன்றியதும், சிற்றூர்ப் பாட்டி தனக்குத் தெரிந்த நான்கு ஆங்கிலச் சொல்லைத் தேடிப் பிடித்துப் பேச முயல்கின்றாள். பேரனுக்குப் புரியவேண்டுமே என்னும் அன்பு அது. ஆனால் அக்குழந்தைக்கு ஆங்கிலம் சொல்லித்தர அந்நாடு முழுதும் இருக்கின்றது. தமிழ் சொல்லித்தர அந்தப் பாட்டி ஒருத்தியே இருக்கின்றாள்! அவள் ஒரு பள்ளி. ஊதியம் பெறாத ஆசிரியை. நாள்தோறும் ஒரு கதை, ஒரு விடுகதை, வயலில் இன்று என்ன நட்டார்கள் என்னும் செய்தி, இவற்றைத் தமிழில் சொன்னால் போதும். பாட்டிமாரிடம் இதை எடுத்துச் சொல்வது தமிழன்பர் முதற்கடமை.

கோடை விடுமுறைக்கு ஊர்வரும் குழந்தைகளுக்கு, ஊர்தோறும் பத்து நாள் எழுத்து வகுப்பு நடத்துவது இரண்டாம் கடமை. கொட்டகை போதும், தோட்டத்துப் பள்ளியை நினைவிற் கொள்க. ஊறுகாயும் பொடியும் கட்டி அனுப்பும் பெட்டியில், ஒரு தமிழ் நூலையும் வைத்தனுப்புவது மூன்றாம் கடமை. கட்டடத் தொழிலாளர் தங்கும் இடத்தில் ஒரு நூலடுக்கு இருந்தால், அதுவே ஒரு கழகத்தின் தொடக்கம்.

நான்காவது கசப்பான கடமை. கடல் கடந்தவன் பிள்ளைக்குத் தமிழ் தெரியவில்லை என்று இங்குள்ளோர் இரங்குகின்றனர். இங்குள்ள பிள்ளைக்குத் தெரிகின்றதா? ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்த்து, வீட்டிலும் ஆங்கிலம் கலந்தே பேசி, தமிழ்ப் பாடநூலைத் தடுமாறிப் படிக்கும் பிள்ளையைப் பெருமையோடு காட்டுவோர் இவ்வூரிலேயே இல்லையா? கடலுக்கு அப்பால் தமிழ் தேய்வதற்குச் சூழல் கரணியம். இங்கே தேய்வதற்கு மானமின்மையே கரணியம். ஊற்று வறண்டால் கால்வாயை நொந்து பயனென்ன?

இம்மாவட்டத்துக் கீழப்பழுவூரில் பிறந்தவர் சின்னச்சாமி. 1964ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள், திருச்சிராப்பள்ளித் தொடர்வண்டி நிலையத்தில், இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழ் வாழ்க என்று முழங்கித் தீயில் மாண்டார். இளைஞர்களே! அப்படி உயிர்விடுமாறு தமிழ் இன்று எவரையும் கேட்கவில்லை. எவரும் அவ்வழியை நாடவும் வேண்டா. தமிழ் கேட்பது நாளில் அரைமணி நேரம். பிள்ளையோடு பிழையின்றித் தமிழ் பேசும் அரைமணி நேரம். தோட்டத்துக் கூலியாள் தன் வெள்ளியைக் கொடுத்தான். இவ்வூரார் தம் அரைமணியைக் கொடுக்கமாட்டாரா?

கொடுப்பர் என்னும் நம்பிக்கையோடு இவ்வுரை நிறைவுறுகின்றது.

வாழ்க தமிழ்! வளர்க தமிழினம்!